கை வைக்காத படம்

மாறுகண்ணோடு பிறந்தவள், கண்ணை மட்டுமே நம்பிச் செய்கிற தொழிலில் போய் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுபோனவள், ஜெராக்ஸ் கடையில் நகல் எடுத்துக்கொண்டே கணினியைக் கற்றுக்கொண்டாள். கசங்கி மடிந்த சான்றிதழைக்கூட மடிப்புக்கோடு தெரியாமல் நகலெடுத்துத் தருகிற பெண் என்று அந்தத் தெருவில் பேர் வாங்கினாள். பெண்கள் என்றால் முன்மேசையில் உட்கார்ந்து ரசீது எழுதத்தான் என்று இருந்த ஸ்டுடியோவில், உள்ளறையில் படங்களின் குறைகளைத் திருத்துகிற டச்சப் நாற்காலியைப் பிடித்தாள். பிடித்ததோடு இல்லை, பத்து வருடத்துக்கு மேல் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்றே தெரியவில்லை, இவள் என்ன படத்தைத் திருத்தப் போகிறாள் என்று முதல் வாரத்தில் சிரித்த கேமராக்காரர்கள், பிறகு தங்கள் வீட்டுப் படங்களை அவள்தான் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார்கள்.

இத்தனையையும் அவளுடைய அக்கா விரல்விட்டு எண்ணிச் சொல்லுவாள். துணி கொடுக்க வருகிறவர்கள் அளவு கொடுத்து முடிப்பதற்குள் பாதியாவது கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அக்காவுக்குத் தையல் கடை. புதிதாகத் தைப்பது குறைவு. பிரிப்பது, இறுக்குவது, நீளம் குறைப்பது, கிழிந்ததை ஒட்டுத் தெரியாமல் சேர்ப்பது, இதுதான் அதிகம். சின்னவளுக்கு எட்டு வயது மூத்தவள். அப்பா போனபின் அவளை வளர்த்ததில் அம்மாவுக்குப் பாதி, அக்காவுக்குப் பாதி.

பெருமையெல்லாம் சொல்லி முடிக்கும்போது மட்டும் அக்காவின் குரல் இறங்கிவிடும். ஏனென்றால் கேட்டவர்கள் அடுத்துக் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். எங்கே, அவள் செய்த வேலை ஒன்றைக் காட்டுங்களேன் பார்ப்போம் என்பார்கள். காட்ட ஒன்றும் இருக்காது. படம் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்விடும். படத்தின் பின்னால் இருப்பது ஸ்டுடியோவின் முத்திரை. போதாக்குறைக்கு, டச்சப் என்பது சரியாகச் செய்தால் செய்ததே தெரியக் கூடாத வேலை. படத்தைப் பார்க்கிறவர்கள் மணப்பெண் அழகாக இருக்கிறாள் என்பார்களே தவிர, நெற்றியில் விழுந்திருந்த விளக்கு வெளிச்சத்தை எடுத்தது யார் என்று கேட்க மாட்டார்கள்.

ஒருநாள் மதியம் சின்னவள் கடைக்கு வந்து, கைபேசியை அக்கா முன்னால் நீட்டிவிட்டு உடனே பின்னால் இழுத்துக்கொண்டாள். அக்கா அதைப் பிடுங்கி வாசித்தாள். ஒரு பதிப்பகம், பல குடும்பங்களிடமிருந்து பழைய புகைப்படங்களைத் திரட்டிப் பெரிய புத்தகமாகப் போடப் போகிறது. கிழிந்ததும் கறைபட்டதும் வெளுத்ததுமாக வருகிற படங்களைச் சீராக்க ஓர் ஆள் வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். செய்தவர் பெயர் புத்தகத்தில் அச்சாகும். விருப்பமுள்ளவர்கள் தங்கள் வேலைகளை இணையத்தில் ஒரு பக்கமாக அடுக்கி, முன் படம், பின் படம் என்று ஜோடி ஜோடியாகக் காட்டி, மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும்.

அக்கா இரண்டாம் தடவை வாசித்தது ஒரே ஒரு வரியைத்தான். செய்தவர் பெயர் அச்சாகும்.

"எனக்கெல்லாம் கிடைக்காதுக்கா. சும்மா காட்டினேன்" என்றாள் சின்னவள்.

"சும்மா காட்டினவ எதுக்கு மத்தியானச் சாப்பாட்டை விட்டுட்டு இவ்வளவு தூரம் வந்தே?"

சின்னவள் கைபேசியைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சிக்கல் முதல் நாளே வந்தது. முன் படம் வேண்டுமே. ஸ்டுடியோ முதலாளியிடம் கேட்டாள். அவர் நல்ல மனிதர்தான். யோசித்துவிட்டு, அந்தப் படங்கள் நம்முடையவை இல்லையம்மா, நம்மை நம்பி முகத்தைக் கொடுத்தவர்களுடையவை, ஒரு பெண்ணின் பருவையும் அம்மைத் தழும்பையும் ஊர் பார்க்க வைப்பது நியாயமா என்றார். சின்னவள் கோபித்துக்கொள்ளவில்லை. கேட்பதற்கு முன்பே அவளுக்கும் அதே எண்ணம்தான். அவர் சரி என்று சொல்லியிருந்தால்தான் சங்கடப்பட்டிருப்பாள்.

அப்புறம் மிச்சம் இருந்தது சொந்தக்காரர்களின் முகம். ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவையும் மாமாவையும் ஜன்னலோரம் உட்கார வைத்துப் படம் எடுக்கப் போவதாகச் சொன்னாள். மாமா என்பது அக்காவின் கணவர், நகரப் பேருந்து ஓட்டுகிறவர், கேலிக்குப் பஞ்சம் இல்லாத ஆள். வாங்கிய நாளிலிருந்து சின்னவளின் இரண்டு மானிட்டர்களைப் பார்க்கும்போதெல்லாம், ரெண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடிகிறவள் இந்த வீட்டில் இவள் ஒருத்திதான் என்பார். அதற்குச் சின்னவள்தான் முதலில் சிரிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் வந்து உட்கார்ந்த கோலத்தைப் பார்த்துச் சின்னவள் கேமராவைக் கீழே வைத்துவிட்டாள். அக்கா தலையைப் படிய வாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, கத்திமுனை மடிப்போடு இஸ்திரி போட்ட புடவையை உடுத்தி வந்திருந்தாள். மாமாவின் மீசை முந்தின நாள் மாலையே கருத்திருந்தது.

"எல்லாத்தையும் நீங்களே சரி பண்ணிட்டு வந்துட்டா, நான் எதைச் சரி பண்றது?"

"அதுக்காக அலங்கோலமா வந்து உக்காரச் சொல்றியா? நாலு பேர் பாக்கிற பக்கம்டி அது" என்றாள் அக்கா.

அதில் அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. தைத்துக் கொடுக்கிற துணியில் ஒரு நூல் பிசிறு தொங்கினாலும் வாடிக்கையாளரை வாசலிலிருந்து திரும்பக் கூப்பிடுகிறவள் அவள். தன் முகம் மட்டும் பிசிறோடு வெளியே போகட்டும் என்று விடுவாளா? இருந்ததை வைத்து எடுத்தார்கள். அதோடு அம்மாவின் பெட்டியிலிருந்து தண்ணீர்க்கறை பட்ட பழைய படங்கள் சிலவும், பூச்சி அரித்த ஒன்றும் கிடைத்தன. சின்னவள் விடுப்பு எடுத்து உட்கார்ந்தாள். பக்கம் உருவானது. வெள்ளைப் பின்னணி, இடப்பக்கம் முன் படம், வலப்பக்கம் பின் படம். அக்கா கைபேசியில் அதைத் திறந்து கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் காட்டினாள். பிரமாதம் என்றார்கள். யாரும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லாதது அப்போது அக்காவுக்கு உறைக்கவில்லை.

உறைத்தது பதிப்பகத்தில் இருந்து அழைப்பு வந்தபோதுதான். படங்களுக்குப் பொறுப்பான தொகுப்பாளர் பேசினார். சின்னவள் கடையில்தான் இருந்தாள். பேச்சு அக்காவுக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டாள். நயமான குரல்.

"படம் எல்லாம் ரொம்ப சுத்தமா இருக்குங்க. ஆனா முன்னாடியும் பின்னாடியும் ஒன்னு போலவே இருக்கே. இதுல நீங்க என்ன வேலை செஞ்சீங்க?"

தொகுப்பாளர் இன்னொன்றும் கேட்டார். பக்கத்தில் எங்கே தேடியும் பெயர் இல்லையே, இது யாருடைய வேலை? என்னுடையதுதான் மேடம் என்றாள் சின்னவள். தேர்வுக் குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது, வியாழக்கிழமை மாலைக்குள் மாற்றி அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள், இல்லாவிட்டால் இதை அவர்கள் முன் வைத்துப் பிரயோஜனமில்லை என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அக்கா மிஷினை நிறுத்திவிட்டு, பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தண்ணீர்க்கறை பட்ட படம் என்றாளே, முன் படத்தில் கறை எங்கே? லேசான நிழல்தான் இருந்தது. பூச்சி அரித்த ஓட்டைகளில் பெரிய ஓட்டை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அடைந்திருந்தன. மாமாவின் கழுத்தில் சவரக் கத்தி பட்ட கீறல் அன்றைக்கு இருந்ததை அக்கா கண்ணால் பார்த்திருந்தாள். முன் படத்திலேயே அது இல்லை.

"முன் படத்தையும் துடைச்சிருக்கியாடி?"

சின்னவள் யோசித்தாள். உண்மையிலேயே அவளுக்கு நினைவில்லை. படத்தைக் கணினியில் ஏற்றும்போது ஒரு தூசு தெரிந்தது, எடுத்தாள். தூசு என்பது படத்தில் இருப்பது இல்லை, ஸ்கேனர் கண்ணாடியில் இருப்பது, அதை எடுத்தால் தப்பில்லை என்று நினைத்தாள். அடுத்ததாக ஒரு புள்ளி. அப்புறம் ஒரு கீறல். கை அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. பத்து வருடப் பழக்கம். அழுக்கான படத்தை நாலு பேர் பார்க்க வெளியே அனுப்புவது அவளால் ஆகிற காரியமே இல்லை. முதலில் முன் படத்தை வெளியே போகத் தக்கதாக ஆக்கிவிட்டாள். பிறகு அதிலிருந்து பின் படத்தைச் செய்திருக்கிறாள். அவள் பார்த்த வேலையில் முக்கால்வாசி முன் படத்துக்குள்ளேயே போய் மறைந்துவிட்டது.

அக்காவுக்குத் திட்ட வாய் வரவில்லை. கவுண்ட்டரில் அடுக்கியிருந்த, இன்னும் கை வைக்காத துணிகளைப் பார்த்தாள். அத்தனையும் இஸ்திரி போட்டு மடித்திருந்தன. கிழிந்த துணியைத் தைப்பதற்கு முன்பே இஸ்திரி போடுவது அவள் வழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. சின்னவளுக்கு யாரிடமிருந்து இந்தப் புத்தி வந்தது என்று அவள் வெளியே தேடிப் போக வேண்டியதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா பழையபடி மிஷினில் உட்கார்ந்தாள். வாயில் இரண்டு குண்டூசி, தோளில் நூல் துணுக்குகள், வியர்வையில் ஒட்டிய முடி, வாராத நரை. மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட வடு. வெக்கையில் கன்னத்தில் கிளம்பியிருந்த சிவப்புக் கொப்புளம். மேலே டியூப்லைட் எல்லாவற்றின் மீதும் பச்சையாக அடித்துக்கொண்டிருந்தது. ஊசிகளைப் பல்லுக்கு இடையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"எடு."

"என்னக்கா?"

"படம் எடுடி. தலையை வாரிட்டு வரேன்னு நான் எந்திரிக்கிறதுக்குள்ள எடு."

எடுத்தாள். எடுக்கும்போது அக்கா சிரிக்கவில்லை. தையல் கோடு விலகிவிடக் கூடாதே என்று துணியைத்தான் பார்த்தாள்.

படம் கிடைத்தது. ஆனால் அதைக் கணினியில் ஏற்றும் வேலையைச் சின்னவளிடம் விட முடியாது என்று அக்கா சொல்லிவிட்டாள். கை சும்மா இருக்காது. யார் ஏற்றுவது? வீட்டில் தூசு கண்ணில் படாத ஆள் ஒருவர்தான் உண்டு. வேலை முடிந்து வந்த மாமாவைச் சட்டைகூட மாற்ற விடாமல் கணினி முன் உட்கார வைத்தார்கள். கைபேசியில் இருந்த அக்காவின் படம், பெட்டியிலிருந்து மறுபடி ஸ்கேன் செய்த பழைய படங்கள், எல்லாவற்றையும் அவர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி முன் படத்துக்கான இடத்தில் ஏற்றினார். சின்னவள் பின்னால் நின்று, ஸ்கேனர் கண்ணாடியை மட்டுமாவது துடைத்துவிட்டு வரட்டுமா என்று இரண்டு தரம் கேட்டாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூசியா? எங்க இருக்கு?" என்று மாமா மானிட்டரில் மூக்கு இடிக்கத் தேடினார்.

"இவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதனாலதான் நம்ம வீடு இந்த லட்சணத்துல இருக்கு" என்றாள் அக்கா.

செவ்வாய்க்கிழமை பின் படங்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. தன் முறைக்காக அக்கா காத்திருந்தாள். வெளியே சொல்லவில்லை என்றாலும், இத்தனை அலங்கோலத்துக்கு ஒப்புக்கொண்டதற்குப் பதிலாக, பின் படத்திலாவது ஒரு பத்து வயது குறையும் என்று மனசுக்குள் ஒரு ஆசை. சின்னவள் மானிட்டரைத் திருப்பினாள்.

பச்சை வெளிச்சம் போயிருந்தது. நூல் துணுக்குகள் போயிருந்தன. கொப்புளம் இல்லை. வியர்வை மினுமினுப்பு அடங்கியிருந்தது. ஆனால் நரை அப்படியே. நெற்றிக் கோடுகள் அப்படியே. மணிக்கட்டு வடுவின் மேல் விழுந்திருந்த நிழலைக்கூட நீக்கி, அது இன்னும் தெளிவாகத் தெரியும்படி செய்திருந்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள் அக்கா.

"ஒரு வாரத்துல தானா போயிடுறதை எடுத்துட்டேன். போகாததை விட்டுட்டேன். அதுல கை வெச்சா அது நீ இல்ல."

அக்கா மறுபடி பார்த்தாள். வாயில் குண்டூசியோடு, தன் வேலையை விட்டுக் கண்ணெடுக்காத ஒரு பெண் அங்கே இருந்தாள். அவளிடம் நம்பித் துணி கொடுக்கலாம் என்று தோன்றியது. பத்து வயது குறையாத வருத்தம் சாயங்காலம் வரை இருந்தது, பிறகு போய்விட்டது.

புதன்கிழமை அக்கா கடையிலிருந்து வீடு திரும்பியபோது கூடத்துச் சுவரில் ஓர் ஆணி மட்டும் இருந்தது. அங்கே மாட்டியிருந்தது அப்பா இருந்த காலத்தில் எடுத்த ஒரே குடும்பப் படம். அப்பா, அம்மா, அக்கா, அக்காவின் கையைப் பிடித்தபடி ஐந்து வயதுச் சின்னவள். அந்தப் படத்தில் சின்னவளுக்குக் கண் நேராக இருக்கும். பார்க்கிறவர்கள் ஏதாவது சொல்வார்களே என்று அம்மா கேட்டுக்கொண்டதால், எடுத்த ஸ்டுடியோக்காரர் கருவிழியை நடுவுக்கு நகர்த்தித் தீட்டிக் கொடுத்திருந்தார். படம் வீட்டுக்கு வந்த அன்று எல்லாரையும் விரல் வைத்துப் பேர் சொன்ன சின்னவள், கடைசியில் தன்மேல் விரலை வைத்து, இது யாரு என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை என்பது அக்காவுக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

சட்டத்திலிருந்து பிரித்த அந்தப் படம் சின்னவளின் மேசையில் கிடந்தது. பக்கத்தில் அதே வயதில் எடுத்த பள்ளிக்கூட அடையாள அட்டை. அதில் ஒட்டியிருந்த முகம் நகத்தளவுதான். அந்தச் சின்னக் கண்ணைப் பார்த்துப் பார்த்து, பெரிய படத்தில் தீட்டியிருந்ததை அகற்றி, கருவிழியை அதன் பழைய மூலைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தாள். மற்ற படங்களுக்குச் செலவிட்டதைவிட அதற்கு அதிக நேரம் எடுத்தது. முடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"இந்தப் பார்வைதான். எங்கிட்ட பேசிக்கிட்டே பிஸ்கெட் டப்பாவைப் பாத்துட்டிருப்பா, கண்டுபிடிக்கவே முடியாது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உங்கப்பாவோட விடைச்ச காதை அப்படியே விட்டுட்டியே. அதுவும் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

வியாழக்கிழமை மதியம், வீட்டுக் கூடத்தில் சாப்பாடு முடிந்த கையோடு எல்லாம் தயார். ஸ்டுடியோக்காரர் திருத்தியது முன் படம், சின்னவள் மீட்டது பின் படம். அதுதான் பக்கத்தின் கடைசி ஜோடி. பாக்கி இருந்தது பெயர். அதில்தான் சின்னவள் முரண்டு பிடித்தாள். வேலையைப் பார்த்து எடுக்கட்டும், எடுக்காவிட்டால் போகட்டும், பேரை எதற்கு ஊருக்குக் காட்ட வேண்டும் என்றாள். அக்கா தைக்கிற ஒவ்வொரு துணியிலும் உள்தையலில் நீல நூலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவாள். சின்னவள் அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"உன் துணியிலகூட வெளியில பேர் இல்லையே. நீ போட்டது உனக்குத் தெரியும். அவ்வளவுதானே. எனக்கும் அவ்வளவு போதும்."

அக்கா படித்தவளாக இருந்தால் அழகாக ஏதாவது சொல்லியிருப்பாள். கடையிலிருந்து கொண்டுவந்திருந்த துணியை உள்பக்கமாகத் திருப்பி அந்தக் குறியைப் பார்த்தாள்.

"நான் அதைப் பெருமைக்காடி போடுறேன்? தையல் விட்டுப் போச்சுன்னா யார்கிட்ட வந்து கேக்கணும்னு தெரியணும்ல. அதுக்குத்தான் போடுறேன். அந்த ஸ்டுடியோக்காரர் உன் கண்ணை மாத்தினாரே, ஏன் மாத்தினீங்கன்னு கேக்க அந்தப் படத்துல அவர் பேரு இருக்கா? நீ இப்ப திருப்பி மாத்தியிருக்கே. நாளைக்கு ஒருத்தன், இதை யார் இப்படி ஆக்கினதுன்னு கேட்டா, யாரைக் கேப்பான்?"

சின்னவள் படத்தைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாளோ என்னவோ, அது யாருக்கும் தெரியாது. பிறகு டச்சப் பேனாவை எடுத்தாள். கம்பியில்லாத பேனா அது. மேசைமேல் இருக்கிற கறுப்புப் பலகையில் கோடு இழுத்தால் மானிட்டரில் விழும். அத்தனை வருடமும் பருவையும் கீறலையும் வெளிச்சத்தையும் அழித்த பேனா. அதைக் கையெழுத்துப் போடுகிற மாதிரிப் பிடிக்கவே அவளுக்குப் பழக்கம் இல்லை. முதல் தரம் எழுத்துக் கோணியது. அழிக்கப் போனாள். கைப்பழக்கம். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அழிக்காமல் விட்டுவிட்டாள்.

பதிப்பகம் அவளையே எடுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை குழுவில் மற்ற ஜோடிகளைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை, கடைசி ஜோடியைத்தான் அச்செடுத்துக் கையிலிருந்து கைக்கு மாற்றிப் பார்த்தார்கள் என்று தொகுப்பாளர் பிற்பாடு சொன்னார். கோணல் எழுத்தில் கையெழுத்து இருந்ததே, அது வேண்டுமென்று போட்டதா என்றும் கேட்டார். சின்னவள் ஆமாம் என்றாள்.

புத்தகம் அடுத்த வருடம் வந்தது. அவள் பெயர் அதில் அச்சிலேயே இருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் அக்கா இப்போது அதை எடுத்து நீட்டுகிறாள். தாளைத் திருப்பும்முன் கையைத் துடைத்துக்கொள்ளச் சொல்லுகிறாள். ஆனால் அவளைப் பொறுத்தவரை சின்னவள் பெயர் முதலில் வந்தது புத்தகத்தில் இல்லை. வீட்டுக் கூடத்தில், சாப்பிட்ட தட்டுகளை இன்னும் எடுக்காத மேசையில், ஐந்து வயதுப் பெண் ஒருத்தி ஒரு கண்ணால் கேமராவையும் மறு கண்ணால் அக்காவையும் பார்க்கிற படத்தின் அடியில், கோணல்மாணலாக அவள் தன் பெயரை எழுதிய நாள், 2019 மார்ச் மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை.